ஈகோ வேனின் முன் சீட்: புதுப்பேட்டை பழைய சீட்டா, இருக்கிற சீட்டுக்கே குஷன் வேலையா?

டிபன் வண்டி (தண்டையார்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி மாருதி ஈகோ கார்கோ வேன், மஞ்சள் போர்டு, எட்டு வருடம் தாண்டிவிட்டது. சமையல் கூடம் தண்டையார்பேட்டையில். காலை டிபனும் மதியச் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியாகத் திருவொற்றியூர், எண்ணூர், அப்புறம் மணலி என்று சுற்றுவதுதான் பிழைப்பு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் முதல் கியரும் கிளட்சுமாகவே நேரம் போகும். அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இன்ஜின் இன்னும் நன்றாக இழுக்கிறது. சீட்டுதான் இத்தனை வருட ஓட்டத்தில் அமுங்கிப் போய்விட்டது. வலது இடுப்பில் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் வலி இழுக்கிறது. வண்டியை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரம் கோணலாக நடக்கிறேன், கேன்டீன் பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். பில் புத்தகத்தோடு பக்கத்து சீட்டில் வரும் வீட்டம்மாவுக்கோ வால் எலும்பில் வலி.

நண்பர் ஒருவர் ஒரு வழி சொல்கிறார். புதுப்பேட்டையில் ஹேட்ச்பேக் கார்களிலிருந்து கழற்றிய பக்கெட் சீட் ஒரு ஜோடி வாங்கி, பட்டறையில் ஆங்கிள் வைத்து வெல்டு அடித்துவிட்டால் முடிந்தது, சாய்த்துக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் அணைப்பாகவும் இருக்கும் என்கிறார். யாராவது செய்திருக்கிறீர்களா? எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்குப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்? முன் சீட்டுக்குப் பின்னால் சரக்குப் பக்கத்தைப் பிரிக்கிற தடுப்பு இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.


ஸ்பேனர் 14 (வியாசர்பாடி)

அண்ணே, உங்கள் நண்பர் காரில் சீட் மாற்றிப் பார்த்தவராக இருப்பார். ஈகோவிலும் சரி, பழைய மாருதி ஆம்னி வேனிலும் சரி, இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்குக் கீழே. இன்ஜினில் எந்த வேலை என்றாலும் முதலில் சீட்டைத் தூக்க வேண்டும். அதற்காகவே அது கீல் வைத்த சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாலு ஆங்கிளை வைத்து வெல்டு அடித்துவிட்டு, நாளைக்கு மணலி ரோட்டில் சூடு முள் மேலே ஏறினால் என்ன செய்வீர்கள்? சாம்பார் வாளியோடு நின்றுகொண்டு கட்டிங் மெஷின் தேட முடியாது.

இரண்டாவது, கார் சீட்டின் கால். காரின் தளம் நடுவில் மேடாக இருக்கும். அதனால் பல கார்களில் ஒரே சீட்டின் உள்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் ஒரே உயரத்தில் இருக்காது. சீட் முன்னே பின்னே நகர்கிற ரெயிலின் இடைவெளியும் வேறு. அதை வேன் சட்டத்தில் நேராக உட்கார வைக்கப் பட்டறைக்காரர் பேக்கிங் மேல் பேக்கிங் வைப்பார். சீட் மேலே ஏறும். ஈகோவில் 25 மி.மீ. ஏறினாலே வித்தியாசம் தெரியும். ஸ்டீயரிங் தொடையை உரசும், சிக்னல் விளக்கைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம். பெல்ட்டின் பக்கிள் உங்கள் வண்டியில் தளத்தில் மாட்டியிருக்கிறதா, சீட் சட்டத்தில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சீட்டில் இருந்தால், மோதும்போது பெல்ட் பிடிக்கிற முழு இழுப்பும் அந்தச் சீட்டின் கால் வழியாகத்தான் தளத்துக்குப் போகும். அங்கே பட்டறை வெல்டு இருந்தால் எதை நம்பி ஓட்டுவீர்கள்?


ஆம்னி ராஜா (கொளத்தூர்)

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் ஸ்பேனர். என் ஆம்னியில் ஒரு செடான் காரின் சீட் ஜோடியைப் போட்டு ரொம்ப நாளாக ஓட்டுகிறேன். வேளாங்கண்ணி வரைக்கும் போய் வந்தாயிற்று. ராஜா மாதிரி உட்காரலாம், அதனால்தான் இந்தப் பெயரே. வெல்டு இல்லை, தகடு வெட்டித் துளை போட்டு போல்ட்டுதான்.


ஸ்பேனர் 14 (வியாசர்பாடி)

சரி ராஜா, இன்ஜின் ஆயில் எப்படிப் பார்க்கிறீர்கள்?


ஆம்னி ராஜா (கொளத்தூர்)

நாலு போல்ட்டையும் கழற்றிச் சீட்டைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பார்ப்பேன். சர்வீஸ் விடும்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.


ஸ்பேனர் 14 (வியாசர்பாடி)

அப்படியென்றால் சர்வீஸுக்குச் சர்வீஸ்தான் ஆயில் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் ஆம்னி சொந்த உபயோகத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை ஓடும். அண்ணனுடையது தினம் ஓடுகிற வண்டி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.


எலும்பும் நரம்பும் (ராயபுரம்)

நான் பிசியோதெரபிஸ்ட். வேன், ஆட்டோ, லாரி ஓட்டுகிறவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள், அதனால் எழுதுகிறேன். சீட்டைப் பற்றி முடிவெடுக்கும் முன் சில விஷயம் பாருங்கள் அண்ணா.

வலது பக்கம் மட்டும் வலி என்கிறீர்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலது கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு தடவையும் சீட்டின் வலது ஓரத்தில் முழு எடையும் விழுகிறது. டெலிவரி வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்கில் அப்படி ஏறி இறங்கினால் அந்த ஓரத்து ஸ்பாஞ்சு செத்துப்போகும். பிறகு நீங்கள் உட்காரும்போது வலது இடுப்பு தாழ்ந்து, முதுகுத்தண்டு அதைச் சரிக்கட்ட இடது பக்கம் வளையும். அதே நிலையில் கிளட்சு மிதித்துக்கொண்டே இருந்தால் எந்த இடுப்பும் வலிக்கும். நேரான மரக்கட்டை ஒன்றைச் சீட்டின் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள்.

அடுத்தது, பேன்ட்டின் பின் பையில் பர்ஸ் வைக்கிற பழக்கம் உண்டா? வலது பின் பையிலா? இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு போகிறது.

சாய்கிற சீட் வேண்டும் என்று நண்பர் சொன்னது பாதி நியாயம். நேர் செங்குத்தாக 90 டிகிரியில் உட்காருவதைவிட 100 முதல் 110 டிகிரி வரை சாய்ந்து, இடுப்பு வளைவுக்கு ஒரு தாங்கலும் இருந்தால் முதுகுத்தண்டின் தட்டுகளின் மேல் அழுத்தம் குறையும். ஆனால் உங்களுக்குத்தான் பின்னால் தடுப்பு இருக்கிறதே, சீட் எங்கே போய்ச் சாயும்?

செலவில்லாத சோதனை ஒன்று: ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். வலது பக்கம் பள்ளம் என்றால் அங்கே மடித்த துணி ஒன்று. வலி குறைந்தால் கோளாறு எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் காசு செலவழிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலில் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது, இதில் எது இருந்தாலும் சீட் பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


டிபன் வண்டி (தண்டையார்பேட்டை)

நன்றி மேடம். பர்ஸ் வலது பின் பையில்தான். சில்லறை, பில், ரேஷன் கார்டு நகல் எல்லாம் சேர்ந்து நல்ல தடிமன். எடுத்துவிட்டேன். மரத்துப்போவது எதுவும் இல்லை.

கட்டை வைத்துப் பார்த்தேன். இடது பக்கத்தைவிட வலது பக்கம் கிட்டத்தட்ட இரண்டு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது. வெளியே ரெக்சின் கிழியாததால் இத்தனை நாளாகக் கண்ணில் படவே இல்லை. பின்னால் சாய்மானத்துக்கும் தடுப்புக்கும் நடுவில் உள்ளங்கை நுழைகிற இடம்தான். ஆக, சாய்கிற சீட் போட்டாலும் பிரயோசனம் இல்லை. ஆனால் சீட் இன்னும் மெத்தென்று இருந்தால் குலுக்கலாவது குறையாதா?


ரெட்ஹில்ஸ் டிராவலர் (செங்குன்றம்)

மெத்தென்ற சீட் குலுக்கலைக் குறைக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் முதலாளி திருப்பதி டிரிப்புக்கு ஓட்டும் வேனில் தடிமனான சோபா ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். தடா தாண்டியதும் உடம்பு தனியாக ஆட, வண்டி தனியாக ஆடியது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, என் தம்பி ஆட்டோமொபைல் படித்தவன், அவன் சொன்னான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் மோசமானது நொடிக்கு 4 முதல் 8 தடவை ஆடுவது. முதுகுத்தண்டும் வயிற்று உறுப்புகளும் அந்த வேகத்துக்குச் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். ஸ்பாஞ்சும் ஸ்பிரிங்கும் வைத்த சாதாரண சீட், மேலே ஆள் உட்கார்ந்தால், தானாகவே நொடிக்கு 4 தடவைக்குப் பக்கத்தில் ஆடும் சுபாவம் உடையது. அதாவது ரோட்டிலிருந்து வருகிற அதே ஆட்டத்தைச் சீட் பெருக்கித் தருகிறது. ஐரோப்பாவில் தொழிலாளி உடம்புக்கு வரும் அதிர்வுக்கு 2002இல் ஒரு சட்டமே போட்டார்கள். 8 மணி நேர வேலைக்கு, விநாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டர் என்ற அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. நம் எண்ணூர் ரோட்டில் அந்த மெஷினை வைத்தால் என்ன காட்டும் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது.


ஆம்னி ராஜா (கொளத்தூர்)

அப்போது லாரியில் வருகிற காற்று சஸ்பென்ஷன் சீட்டைப் போட்டுவிட்டால்?


ரெட்ஹில்ஸ் டிராவலர் (செங்குன்றம்)

லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்றுத் தொட்டி இருக்கிறது, அதிலிருந்து சீட்டுக்கும் காற்று போகிறது. உங்கள் ஆம்னியில் காற்று எங்கிருந்து வரும், வாயால் ஊதுவீர்களா? ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் சீட்டும் உண்டு, டிராக்டரில் பார்த்திருப்பீர்கள். ஆளின் எடைக்கு ஏற்றபடி திருகி வைக்கலாம். ஆனால் அது ஏறி இறங்கக் கீழே இடம் வேண்டும். கீழே இன்ஜின், மேலே கூரை. ஈகோவில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

குலுக்கலைக் குறைக்க சீட்டைவிட டயரைப் பாருங்கள். சரக்கு ஏற்றுகிறோம் என்று சிலர் நாலு டயரிலும் காற்றைக் கல் மாதிரி அடித்துவைக்கிறார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவு முன்னுக்கு வேறு, பின்னுக்கு வேறு இருக்கும், அதன்படி வையுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆம்னியில் அச்சுக்கு அச்சு 1,840 மி.மீ., ஈகோவில் 2,350. இந்த மாதிரி வேன்களில் நாம் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் மேலேயே உட்காருகிறோம். காரில் இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்காருபவருக்குப் பள்ளம் பாதிதான் தெரியும், நமக்கு முழுசாக வரும். எந்தச் சீட் போட்டாலும் இது மாறாது.


குஷன் பாய் (வண்ணாரப்பேட்டை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நம்முடையது குஷன் வேலை, வாப்பா காலத்திலிருந்து. இந்த இழையை மகன் காட்டினான். டிராவலர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் வேலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

கம்பெனி சீட்டில் இருக்கிற ஸ்பாஞ்சு கடையில் ஷீட்டாக விற்கிற ஸ்பாஞ்சு இல்லை. அச்சில் ஊற்றி அந்த வடிவத்திலேயே எடுப்பது. அதன் நடு உடம்பு பொடியாமல் இருந்தால் தூக்கி எறியக்கூடாது. அதைவிட நல்ல வடிவம் நாம் கையால் வெட்ட முடியாது. பள்ளமான ஓரத்தை மட்டும் கத்தியால் சதுரமாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் கெட்டியான புது துண்டை ரப்பர் பசை போட்டு ஒட்ட வேண்டும். டிபன் அண்ணனுக்கு வலது ஓரத்தில் இதுதான் வேலை. மேலே முழுவதுக்கும் அரை அங்குலம் மென்மையான ஷீட் ஒன்று. அவ்வளவு போதும்.

எல்லாரும் டென்சிட்டி, டென்சிட்டி என்று கேட்டு வருகிறார்கள். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு 40 கிலோ எடை, அதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. கெட்டியா மெத்தையா என்பது தனிக் கணக்கு. 40இலேயே கெட்டியும் உண்டு, மெதுவும் உண்டு. டென்சிட்டி அதிகமானால் பள்ளம் விழ நாளாகும், அதற்காக அதைப் பார்க்கலாம். கையால் அமுக்கிப் பார்ப்பதும் ஏமாற்றும். உள்ளங்கை வேறு, உட்காரும் எலும்பு வேறு. நான் துண்டைத் தரையில் போட்டு ஆளையே உட்காரச் சொல்வேன். எலும்பு தரையில் தட்டினால் அது வேண்டாம். தூள் ஸ்பாஞ்சை அழுத்திச் செய்த ரீபாண்டட் என்று ஒன்று வருகிறது, 80, 100 டென்சிட்டி எல்லாம் கிடைக்கும். அடியில் ஓர் அங்குலம் போடலாம், மேலே வரக்கூடாது, கல்லாக இருக்கும். மெமரி ஃபோம் என்று ஆன்லைனில் வாங்கி வந்து சீட்டுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். அது சூட்டில் இளகும். கீழே இன்ஜின் சூடு, வெளியே மே மாத வெயில், மத்தியானத்தில் அது ஸ்பாஞ்சாக இருக்காது, களியாக இருக்கும்.

ஸ்பாஞ்சைத் தொடும் முன் கீழே கம்பியைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் விட்டுப்போயிருந்தாலோ கம்பி முறிந்திருந்தாலோ மேலே எந்த ஸ்பாஞ்சு போட்டாலும் மாதக்கணக்கில்தான் தாங்கும். கம்பி ஸ்பாஞ்சை அறுக்காமல் இருக்க நடுவில் சாக்குத் துணியோ கெட்டியான ஃபெல்ட்டோ விரிக்க வேண்டும். அதைச் சோம்பலில் விட்டுவிடுகிற கடைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். பழைய உறையைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

உறைக்கு முழு ரெக்சின் வேண்டாம். துடைக்க சுலபம் என்று எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அப்புறம் முதுகு நனைந்துபோகிறது என்று வருகிறார்கள். உட்காரும் நடுப்பகுதியிலும் முதுகு நடுவிலும் துணி, ஓரங்களில் மட்டும் ரெக்சின். ஏறி இறங்கும் வலது ஓரத்துக்கு இரட்டைத் தையல். பெரியமேட்டில் நல்ல சரக்கு கிடைக்கும், நீங்களே வாங்கி வந்தாலும் தைத்துத் தருவோம். உண்மையான தோல் வேண்டாம், சாம்பார் கொட்டுகிற வண்டியில் அது எதற்கு.

காசு விஷயம் இங்கே எழுதினால் நாளைக்கே பழசாகிவிடும். ஒன்று சொல்லலாம், புதுப்பேட்டையில் ஒரு ஜோடி பக்கெட் சீட்டுக்குக் கேட்கிற காசில் இரண்டு சீட்டுக்கும் இந்த வேலை முடிந்து மிச்சம் இருக்கும்.


சும்மா வந்தவன் (மூலக்கடை)

பாய், இந்த மணி சீட் கவர் எப்படி? எங்கள் ஏரியாவில் கால் டாக்சிக்காரர் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். மெட்ரோ வேலைக்கு மூலக்கடை ரோட்டை அடைத்ததிலிருந்து எல்லாருக்கும் முதுகு வலி, வண்டி இல்லாதவனுக்கும் கூட.


குஷன் பாய் (வண்ணாரப்பேட்டை)

காற்று போகும், வேர்வை தங்காது, அது நல்லதுதான். ஆனால் பள்ளம் விழுந்த சீட் மேல் மணி போட்டால் மணியும் பள்ளத்துக்குள்தான் போகும். சீட்டைச் சரி செய்துவிட்டு மேலே போடுங்கள். கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது மணியோடு சேர்ந்து ஆளும் முன்னால் சறுக்குவார்.


எஃப்சி அனுபவம் (பெரம்பூர்)

யாரும் சட்டப் பக்கம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதற்கு மேல் வருடா வருடம். ஆகவே டிபன் வண்டிக்காரர் வருடம் ஒரு முறை சீட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஸ்பாஞ்சும் உறையும் மாற்றுவது பராமரிப்பு. ஆர்சியில் இருக்கும் சீட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், சீட்டின் சட்டம், ரெயில், பெல்ட் எல்லாம் கம்பெனியுடையது, யாரும் கேட்கப்போவதில்லை. வேறு காரின் சீட்டை வெல்டு வைத்து ஏற்றினால் பேச்சு வேறு. ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் விட்டுவிடுவார், அடுத்த வருடம் வருகிறவர் கழற்றச் சொல்வார். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தலைவலி இன்சூரன்ஸ். விபத்து என்று வரும்போது சர்வேயர் அந்த வெல்டைப் படம் எடுத்தால், க்ளெய்முக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

புது வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த பயணிகள் கார், வேன்களில் முன் இருவருக்கும் பெல்ட் நினைவூட்டும் மணி கட்டாயம். சீட்டுக்கடியில் அதற்கான வயர் போகும். சீட்டைக் கழற்றும்போது கனெக்டரை இழுத்து அறுத்துவிடாதீர்கள். சீட்டுக்குள்ளேயே பக்க ஏர்பேக் இருக்கிற கார்களில் கண்ட கண்ட உறையும் போடக்கூடாது, தையல் ஏர்பேக்கைத் தடுக்கும்.


ஐஸ் பெட்டி (காசிமேடு)

மீன் வண்டிக்காரன் சொல்கிறேன், ஸ்பாஞ்சு பார்க்கிறீர்கள், ரெயிலை யாரும் பார்க்கவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காற்றில் எந்த இரும்பு தாங்குகிறது? எனக்கு ஐஸ் தண்ணீர் வேறு. சீட் ரெயில் உப்பு பிடித்து இறுகி, முன்னே பின்னே நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிடும். அப்புறம் யார் ஓட்டினாலும் அதே தூரம்தான். நான் கால் நீளம், என் மச்சான் குள்ளம், அவன் ஓட்டும்போது கிளட்சை எட்ட நுனியில் உட்காருகிறான், முதுகு சாய்மானத்தைத் தொடுவதே இல்லை. அவனுக்கு வராத வலியா?

சீட்டைக் குஷன் கடைக்குக் கழற்றும்போது ரெயிலையும் கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கம்பி பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் கிரீஸ். பழைய போல்ட் துரு பிடித்திருந்தால் திரும்பப் போடாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் எடைக்குத் தருகிற சாதா போல்ட்டும் வேண்டாம். தலையில் 8.8 என்று எழுத்து அடித்திருக்கும், அதைக் கேளுங்கள். ஸ்பேனர் தம்பி, சரிதானே?


ஸ்பேனர் 14 (வியாசர்பாடி)

சரிதான் அண்ணே. பழைய போல்ட் தலையில் என்ன எண் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் போடணும். 10.9 இருந்தால் 10.9தான். மரை அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், கட்டாயப்படுத்தித் திருகினால் வண்டித் தளத்தில் இருக்கிற நட்டு கெட்டுப்போகும், அது பெரிய வேலை.

சீட் கழன்று வந்திருக்கும்போதே அடிப்பக்கச் சூட்டுத் தடுப்பு ஷீட்டையும் பாருங்கள். கிழிந்திருந்தால் அலுமினியம் முகம் வைத்த புது ஷீட் போடுங்கள், ஒரிஜினல் கிடைத்தால் இன்னும் நல்லது. தெர்மாகோல், பழைய கம்பளி, அட்டை இதையெல்லாம் வைத்து அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே எரிகிற சூட்டில் இன்ஜின். வண்டிக்குள் போடுகிற துணி, ஸ்பாஞ்சு எவ்வளவு மெதுவாக எரிய வேண்டும் என்பதற்கே ஐஎஸ் 15061 என்று தரம் இருக்கிறது. சோபா ஸ்பாஞ்சு அதில் தேறும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பாய் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் ஸ்பாஞ்சு வாங்கும்போது வண்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.


குஷன் பாய் (வண்ணாரப்பேட்டை)

கோபம் எதற்கு தம்பி, நியாயமான பேச்சு. வண்டிக்கென்று தனியாக ஸ்பாஞ்சு இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. நான் அதைத்தான் போடுகிறேன்.


ஆம்னி ராஜா (கொளத்தூர்)

எல்லாரும் சேர்ந்து என்னைக் கெட்டவனாக்கிவிட்டீர்கள். என் சீட் இன்னும் வசதியாகத்தான் இருக்கிறது.


டிபன் வண்டி (தண்டையார்பேட்டை)

அப்படியெல்லாம் இல்லை ராஜா அண்ணே, உங்களுக்குப் பின்னால் தடுப்பு இல்லை, தினம் சரக்கும் இல்லை.

வேலை முடிந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் இல்லாததால் சீட் இரண்டையும் கழற்றி வீட்டுப் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். உறையைப் பிரித்ததும் பார்த்தால் வலது ஓரத்தில் ஸ்பாஞ்சு பொடி பொடியாகக் கொட்டியது, அதற்கடியில் ஸ்பிரிங்கில் ஒரு கொக்கி விட்டிருந்தது. பாய் சொன்னபடியே ஓரத்தை வெட்டி ஒட்டி, சாக்குத் துணி விரித்துத்தான் மூடினார்கள். நடு ஸ்பாஞ்சு நன்றாகவே இருந்தது. சாய்க்க முடியாததால் சீட்டின் முன் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன், அது என் யோசனை. தொடைக்கு நல்ல தாங்கல், ஆளும் தானாகவே பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறார். முதுகில் சுருட்டிய துண்டு இருந்த இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்சு மேடு ஒன்று வைத்துத் தைத்தாயிற்று. ரெயில், போல்ட் வேலையும் முடிந்தது.

இடுப்பு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. புது ஸ்பாஞ்சு இன்னும் விறைப்பாக இருக்கிறது, தலைக்கும் கூரைக்கும் இடைவெளி கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. வீட்டம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. வால் எலும்பு வலி அப்படியே இருக்கிறது, அதோடு இப்போது தொடைக்கடியில் அழுத்துகிறது என்கிறார்.


எலும்பும் நரம்பும் (ராயபுரம்)

அவருடைய பாதம் தரையில் முழுசாகப் படுகிறதா, தொங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் சீட்டுக்குச் செய்தது போல அவருக்கும் முன் விளிம்பை உயர்த்தியிருந்தால் அதுதான் காரணம். ஓட்டுநருக்கு நல்லதாக இருப்பது உயரம் குறைவான பயணிக்கு ஆகாது. அவர் சீட்டில் அந்த உயரத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், பாதத்துக்குக் கீழே சறுக்காத பலகை ஒன்று வையுங்கள். உங்கள் பெடல் பக்கம் அது நகர்ந்து வராதபடி தரையோடு பொருத்தணும், அது முக்கியம். வால் எலும்புக்கு உட்காரும் ஸ்பாஞ்சின் பின்பக்க நடுவில் ‘ப’ போல வெட்டி எடுத்தால் எலும்பு எதிலும் படாது. பாய்க்குத் தெரிந்திருக்கும்.


குஷன் பாய் (வண்ணாரப்பேட்டை)

தெரியும் மேடம், மூல வியாதிக்காரர்களுக்கு நிறைய செய்திருக்கிறோம். வெட்டின இடத்தில் மேல் துணி தொய்யாமல் இருக்க அரை அங்குல மெது ஷீட் மட்டும் மேலே ஓட விட வேண்டும். அரை நாள் வேலை. அண்ணே, உங்கள் கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வண்டி வேண்டாம், எம்.சி. ரோடு பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது.


டிபன் வண்டி (தண்டையார்பேட்டை)

வருகிற ஞாயிறு கொண்டு வருகிறேன் பாய். மதியம் பிரியாணி ஆர்டர் இருக்கிறது, பதினோரு மணிக்குள் முடியுமா?


குஷன் பாய் (வண்ணாரப்பேட்டை)

சனிக்கிழமை ராத்திரியே போட்டுவிட்டுப் போங்கள்.


பிக்கப் மணி (கொடுங்கையூர்)

இதே கேள்வி பொலேரோ பிக்கப்புக்கு. முன்னால் மூன்று பேர் உட்காருகிறோம், நடுவில் இருப்பவனுக்கு கியர் ராடு இடிக்கிறது. இன்ஜின் சீட்டுக்குக் கீழே இல்லை என்பதால் பக்கெட் சீட் போடலாமா?


எஃப்சி அனுபவம் (பெரம்பூர்)

மூன்று பேர் என்று ஆர்சியில் இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் இருப்பவரை இறக்கிவிடுங்கள், இடிப்பதும் நின்றுவிடும். மற்றதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே ஈகோ பேச்சு இன்னும் முடியவில்லை.